மலையைத் தட்டையாக்கும் வரைபடப் பாடம்

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் வரைபடப் பாடம் இரண்டு பழக்கங்களை நம்பி நடக்கிறது. முதலாவது, கலைச்சொற்களை வரையறையோடு நெட்டுரு போடுவது. அட்சக்கோடு, தீர்க்கக்கோடு, அளவை, திசை, முறைக்குறியீடு, சம உயரக்கோடு என்று ஆறாம் வகுப்பில் தொடங்கி ஒன்பதாம் வகுப்பின் ‘நிலவரைபடத் திறன்கள்’ பாடம் வரை சொற்கள் வந்துகொண்டே இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி விளக்கம், அதற்கொரு குறுவினா. இரண்டாவது, வெற்று வரைபடத்தில் இடங்களைக் குறிப்பது. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் இந்தியாவின் எல்லைக்கோடு மட்டும் அச்சிட்ட தாளைக் கையில் கொடுத்து ஆறு, மலை, துறைமுகம், மண்வகை எனக் குறிக்கச் சொல்வார்கள். இவ்விரண்டும் பயனற்றவை அல்ல. ஆனால், இரண்டும் சேர்ந்தும் ஒரு மாணவருக்கு வரைபடம் வாசிக்கக் கற்றுத் தருவதில்லை என்பதே என் வாதம். அளவை, சம உயரக்கோடு போன்ற சொற்கள் ஒவ்வொன்றும் ஒரு வேலைக்காகப் பிறந்தவை: தூரம் கணிக்க, ஏற்றம் அறிய, தண்ணீர் போகும் வழி காண. அந்த வேலையைச் செய்ய வைக்காமல் சொல்லின் விளக்கத்தை மட்டும் கேட்டு மதிப்பெண் போடும்போது, சொல் தெரிந்த மாணவருக்கு நிலம் தெரியாமலே போகிறது. எந்த ஊரை வைத்தும் இதைக் காட்டலாம். பழனிமலைத் தொடரில், குறிப்பாகக் கொடைக்கானலில், இந்தக் குறை மறைக்க முடியாதபடி வெளியே தெரிகிறது.

முதலில் இப்போதைய முறையின் சாதகங்களை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். வெற்று வரைபடம் மலிவானது. எந்த ஊர் ஸ்டேஷனரி கடையிலும் கிடைக்கும். நாற்பது பேர் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் ஓர் ஆசிரியர் தனியாளாக நடத்தக்கூடிய பயிற்சி அது. திருத்துவதில் சண்டை வராது: கோதாவரி இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறதா இல்லையா என்பதுதான் கேள்வி. திரும்பத் திரும்பக் குறித்துப் பழகியவருக்கு நாட்டின் உருவம் மனத்தில் பதிந்துவிடுகிறது. செய்தியில் பிரம்மபுத்திரா வெள்ளம் என்று கேட்டால் கண் தானாக வடகிழக்குக்குப் போகிறது. அது சிறிய பேறு அல்ல. நெட்டுருவுக்கும் ஒரு நியாயம் உண்டு. கன்னியாகுமரி மாணவரும் கிருஷ்ணகிரி மாணவரும் ஒரே சொல்லை ஒரே பொருளில் பயன்படுத்த வேண்டுமானால், வரையறை எங்காவது ஓரிடத்தில் நிலைபெற்றாக வேண்டும். தமிழ்வழியில் படித்து மேற்படிப்புக்குப் போகிறவர்களுக்கு இந்தச் சொற்கள்தான் கைப்பிடி. ஆகவே வரையறை வேண்டாம், வெற்றுப்படம் வேண்டாம் என்று வாதாடுவது எளிது, ஆனால் தவறு. இவை பாடத்தின் தொடக்கமாக இருக்க வேண்டியவை, இன்று பாடத்தின் முடிவாக நிற்கின்றன. குறை அங்கேதான்.

அளவை என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். ‘வரைபடத்தில் உள்ள தூரத்துக்கும் நிலத்தில் உள்ள தூரத்துக்கும் இடையேயான விகிதம்’ என்று எல்லா மாணவரும் எழுதுவார்கள். பழனிமலைத் தொடர் கிழக்கு மேற்காகச் சுமார் 65 கி.மீ., தெற்கு வடக்காகச் சுமார் 40 கி.மீ. பரந்தது. தமிழ்நாடு முழுவதையும் 25 செ.மீ. உயரத் தாளில் அடக்கினால் ஒரு சென்டிமீட்டர் ஏறத்தாழ 24 கி.மீ. ஆகிறது; முழுத் தொடரும் மூன்று சென்டிமீட்டருக்குள் முடிந்துவிடும். அதே தொடரை இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 தாள்களில் பார்த்தால் 130 செ.மீ. நீளும், வகுப்பு மேசை போதாது, தரையில்தான் விரிக்க வேண்டும். டோப்போ ஷீட் என்று ஆசிரியர்கள் சொல்லும் அந்தத் தாளில் ஒரு சென்டிமீட்டர் அரைக் கிலோமீட்டர். மூன்று சென்டிமீட்டர் மலையில் பெயர் மட்டுமே எழுத முடியும். 130 சென்டிமீட்டர் மலையில் ஓடை, ஒற்றையடிப்பாதை, கோயில், கிணறு, காப்புக்காட்டின் எல்லை எல்லாம் வருகின்றன. எந்தக் கேள்விக்கு எந்த அளவை வேண்டும் என்று தேர்ந்தெடுக்கத் தெரிவதுதான் அளவை என்ற பாடம். இரண்டு தாள்களையும் அருகருகே வைத்துப் பார்க்காத மாணவர் அந்த விகிதத்தைப் பிழையின்றி எழுதுவார். அதனால் என்ன மாறுகிறது என்பதை அறியமாட்டார்.

அதைவிட முக்கியமானது உயரம். வெற்று வரைபடத்தில் பழனிமலை ஒரு பெயர். அதிகம் போனால் இரண்டு மூன்று கூம்புக் குறிகள். பழனி நகரமும் பெரியகுளமும் கடல் மட்டத்திலிருந்து சுமார் 300 மீ. உயரத்திலும், கொடைக்கானல் சுமார் 2,100 மீ. உயரத்திலும், வந்தரவு சிகரம் 2,533 மீ. உயரத்திலும் இருப்பது அந்தத் தாளில் எங்கும் தெரியாது. உயரத்தைத் தாளில் கொண்டுவரும் கருவி சம உயரக்கோடு. ‘கடல் மட்டத்திலிருந்து ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் கற்பனைக் கோடு’ என்ற வரையறையில் பிழை ஒன்றுமில்லை. ஆனால் கற்பனைக் கோடு என்று சொல்லி நிறுத்திவிட்டால் மாணவர் கண்ணால் காண எதுவும் மிச்சமில்லை. கொடைக்கானலில் அந்தக் கோட்டைக் கண்ணாலேயே காணலாம். மதுரை ஆட்சியராக இருந்த வியர் ஹென்றி லெவிஞ்ச் 1863-இல் ஓடையை மறித்து உருவாக்கிய ஏரி அங்கே இருக்கிறது. தேங்கி நிற்கும் நீரின் விளிம்பு முழுவதும் ஒரே உயரம். ஆகவே ஏரிக்கரை நிலத்தின்மேல் உண்மையாகவே வரையப்பட்ட ஒரு சம உயரக்கோடு. அந்த ஏரி நட்சத்திர வடிவில் இருப்பதைச் சுற்றுலாக் கையேடுகள் அழகாகச் சொல்லி நிறுத்திக்கொள்கின்றன. புவியியல் ஆசிரியருக்கு அது ஒரு முழுப் பாடம். நீர் நிரம்பியபோது பள்ளங்களுக்குள் நுழைந்தது, மேட்டு முகடுகளைச் சுற்றிக்கொண்டது. நட்சத்திரத்தின் ஒவ்வொரு கையும் ஒரு பள்ளத்தாக்கு. இரண்டு கைகளுக்கு நடுவே ஏரிக்குள் நீண்டு வரும் நிலம், மலை நீட்டும் ஒரு முகடு. கையின் நுனி மேட்டுப் பக்கமாகவே காட்டும், அங்கிருந்துதான் ஓடை இறங்கும். டோப்போ ஷீட்டில் சம உயரக்கோடுகள் கூராக வளைந்து மேட்டைக் காட்டினால் அங்கே ஓடை இருக்கும் என்ற விதியும், ஏரியின் வடிவமும் ஒன்றே.

இதை ஒரு கேள்வியாக மாற்றினால் போதும். ஏரியின் நீர் இன்னும் 20 மீ. உயர்ந்தால் புதிய கரை எங்கே அமையும்? 1:50,000 தாளில் சம உயர இடைவெளி 20 மீ.; ஆகவே ஏரிக்கரைக்கு மேலே அடுத்தடுத்து வரும் கோடுகளைக் கொண்டு புதிய கரையை வரைந்துவிடலாம். எந்தச் சாலை மூழ்கும், எந்த மேடு தீவாகும் என்று மாணவர் சொல்ல வேண்டும். சரிவு மெதுவாக உள்ள பக்கம் கரை வெகுதூரம் நகரும், செங்குத்தான பக்கம் அசையவே அசையாது. கோடுகள் விலகியிருந்தால் மென்சரிவு, நெருங்கியிருந்தால் செங்குத்து என்பதை இப்படிக் கண்டவர் மறக்கமாட்டார். இங்கே ஒரு மறுப்பு எழும்: முதலில் வரையறை தெரிந்தால்தானே இதெல்லாம் விளங்கும்? வரிசை எதுவாக இருந்தாலும் எனக்குச் சம்மதம். வரையறைக்குப் பிறகு இந்தக் கேள்வி வருகிறதா என்பதுதான் விஷயம். இன்று வருவதில்லை. வரையறை எழுதியதும் மதிப்பெண் கைக்கு வந்துவிடுவதால் அதற்கு மேலே போகத் தேவையே எழுவதில்லை.

ஏரிக்கரையில் கற்ற விதியை மலை முழுவதற்கும் விரித்தால், நீர்ப்பிரிமேடு என்ற சொல் உயிர் பெறுகிறது. பழனிமலையின் வடசரிவில் விழும் மழை பாலாறு, பொருந்தலாறு, வரதமாநதி எனப் பல ஓடைகளாக இறங்கி, பழனிக்கருகே சண்முகநதியாகி, அமராவதியில் கலந்து, காவிரியைச் சேர்கிறது. தென்சரிவில் விழும் மழை வராக நதி, மஞ்சளாறு வழியாக வைகைக்குப் போகிறது. ஒரே முகட்டின் இரு பக்கமும் பெய்யும் ஒரே மழையில் ஒரு பங்கு காவிரிப் படுகைக்கும் மறுபங்கு இராமநாதபுரத்துக் கண்மாய்களின் திசைக்கும் பிரிந்து போகிறது. வெற்று வரைபடத்தில் பழனிமலை என்று எழுதி, வைகை என்று நீலக்கோடு இழுத்து, இரண்டுக்கும் முழு மதிப்பெண் வாங்கிய மாணவருக்கு, ஒன்றுக்கும் மற்றதுக்கும் உள்ள உறவைச் சொல்லத் தெரிந்திருக்கத் தேவையில்லை. டோப்போ ஷீட்டை வைத்து, முகட்டின் உச்சிகளை ஒன்றோடொன்று சேர்த்துப் பென்சிலால் ஒரு கோடு இழுக்கச் சொன்னால், அந்தக் கோடே நீர்ப்பிரிமேடு. கோடு ஓடையை வெட்டினால் எங்கோ தவறு. மாணவர் தன் விடையைத் தானே சரிபார்த்துக்கொள்ளும் வசதி, நெட்டுருவில் இல்லாத ஒன்று.

இது பரீட்சைக்கு அப்பால் எங்கே பயன்படும் என்று கேட்பவர்களுக்குக் கொடைக்கானலே ஓர் எடுத்துக்காட்டு வைத்திருக்கிறது. 2001 மார்ச்சில், அங்கிருந்த தெர்மாமீட்டர் ஆலையின் பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு ஊருக்குள் ஒரு பழைய சாமான் கடையில் கிடந்தது வெளிப்பட்டது, ஆலை மூடப்பட்டது. அந்த வளாகம் பாம்பார் சோலைக்கு மேலே உள்ள முகட்டில் இருந்தது. அப்படியானால் வளாகத்து மண்ணைக் கழுவிச் செல்லும் மழைநீர் எந்தச் சரிவில் இறங்கும், எந்த ஓடையில் சேரும், கீழே யார் அந்த நீரைப் பயன்படுத்துகிறார்கள்? அடுத்து வந்த இருபது ஆண்டுகளுக்கும் மேலாக விவாதத்தின் நடுவே நின்ற கேள்விகள் இவை. இவற்றின் முதல் படிக்கு ஆய்வகம் தேவையில்லை, சம உயரக்கோடு வாசிக்கத் தெரிந்தால் போதும். தன் ஊரின் மேலே என்ன இருக்கிறது, அதிலிருந்து வழிவது எங்கே வரும் என்று தாளைப் பார்த்துச் சொல்லத் தெரிந்த குடிமக்கள் பெரியகுளத்திலும் கொடைக்கானலிலும் இருப்பது, பத்து ஊர்ப்பெயர்களைச் சரியாகக் குறிப்பதைவிடப் பெரிய காரியம் என்று நான் கருதுகிறேன்.

சாலைகளும் இதே பாடத்தைச் சொல்கின்றன. பெரியகுளத்துக்கும் கொடைக்கானலுக்கும் நேர்கோட்டுத் தூரம் சுமார் 14 கி.மீ.தான்; வத்தலக்குண்டு மலைப்பாதையைச் சுற்றிப் போனால் அதைப்போல் நான்கு மடங்குக்கும் மேல். காரணம் இடையிலிருக்கும் 1,800 மீ. ஏற்றம். 20 மீ. இடைவெளியில் எண்ணினால் 90 கோடுகள். தெற்குப் பக்கத்தில் அவற்றில் பெரும்பகுதி தாளின் சில சென்டிமீட்டருக்குள் நெருக்கியடித்து நிற்கின்றன. லாஸ் காட் ரோடு எனப்படும் அந்த வத்தலக்குண்டுப் பாதையை அமைத்த பொறியாளர்கள் அந்த நெருக்கத்தை விட்டு விலகி, கிழக்கே போய், ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டரில் அந்த ஏற்றத்தைப் பரப்பினார்கள். சராசரியாக 27, 28 மீட்டர் ஓடினால் ஒரு மீட்டர் ஏற்றம். பின்னாளில் அடுக்கம் வழியாகப் பெரியகுளத்திலிருந்து குறுக்கே வந்த சாலை தூரத்தைப் பெரிதும் குறைத்தது. ஆனால் மழைக்காலத்தில் மண்ணும் பாறையும் சரிந்து அது அடிக்கடி மூடப்படுவதற்கான காரணமும் தாளிலேயே இருக்கிறது. ஒரு சாலையின் பெயரைக் குறிப்பதற்கும், அது ஏன் அப்படி வளைகிறது என்று வாசிப்பதற்கும் நடுவே உள்ள தூரம் இதுதான். கோக்கர்ஸ் வாக் நடைபாதையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1872-இல் அதை அமைத்த லெப்டினன்ட் கோக்கர், கொடைக்கானலின் வரைபடம் ஒன்றையும் தயாரித்தவர் என்று சொல்வார்கள். செங்குத்துச் சரிவின் விளிம்பிலேயே அதிக ஏற்ற இறக்கம் இல்லாமல் அந்தப் பாதை போவது, சரிவின் குறுக்கே போனால் ஏற்றம் மிச்சம் என்பதை அறிந்தவரின் வேலை.

அட்சக்கோடும் தீர்க்கக்கோடும் வேறு வகைச் சொற்கள். இவற்றை நிலத்தில் காண முடியாது, வானத்தைக் கொண்டுதான் கண்டுபிடிக்க முடியும். கொடைக்கானலின் இடக்குறிப்பு ஏறத்தாழ வடக்கு 10° 14', கிழக்கு 77° 29'. இந்த எண்களை ஒப்பிப்பதால் ஒரு பயனும் இல்லை. இவற்றிலிருந்து இரண்டு செய்திகளைக் கணக்கிட்டு எடுக்கலாம். இந்தியத் திட்ட நேரம் 82° 30' தீர்க்கக்கோட்டுக்கு உரியது. கொடைக்கானல் அதற்கு ஐந்து பாகை மேற்கே. ஒரு பாகைக்கு நான்கு நிமிடம் என்றால் அங்கே சூரியனின் நண்பகல் கடிகாரத்துக்கு 20 நிமிடம் பிந்தும். அட்சம் 10 பாகையை ஒட்டியிருப்பதால் ஆண்டில் இரண்டு முறை, ஏப்ரல் 16-ஐயும் ஆகஸ்ட் 27-ஐயும் ஒட்டிய நாட்களில், சூரியன் நேர் உச்சியில் நிற்கும். இரண்டையும் சேர்த்தால், ஏப்ரல் நடுவில் ஒரு பகல், 12.20 மணியளவில், நேராக நட்ட கம்பின் நிழல் அதன் அடியிலேயே அடங்கிவிடும் என்று முன்கூட்டியே சொல்லலாம். கம்பை நட்டுச் சரிபார்க்கலாம். 1899-இல் நிறுவப்பட்ட சூரிய ஆய்வகம் இருக்கும் ஊரில், 1909-இல் ஜான் எவர்ஷெட் சூரியப் புள்ளிகளில் வாயு ஓட்டத்தைக் கண்டறிந்த ஊரில், அட்சக்கோட்டை வெறும் கற்பனைக் கோடாக மட்டும் கற்றுப்போவது வருத்தத்துக்குரியது.

இனி எதிர்வாதங்கள். டோப்போ ஷீட் பள்ளிக்குக் கிடைக்காது என்பது முன்பு வலுவான மறுப்பு. 1767-இல் தொடங்கிய நில அளவைத் துறையின் தாள்கள் நெடுங்காலம் படைக்கும் அரசுக்குமே முதன்மையாக உரியவையாக இருந்தன. சாதாரணமானவர் பெறுவதற்குத் தடைகள் பல. 2005-இன் தேசிய வரைபடக் கொள்கை, பாதுகாப்புக்கென ஒரு வரிசையும் பொதுமக்களுக்கென ஒரு திறந்த வரிசையுமாகத் தாள்களைப் பிரித்தது. 2017-இல் திறந்த வரிசைத் தாள்களை இணையத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ள வழி வந்தது. 2021 பிப்ரவரியில் வந்த வழிகாட்டுதல்கள் புவியிடத் தரவுகளுக்கான கட்டுப்பாடுகளை இன்னும் தளர்த்தின. எனவே இன்று தடையாக இருப்பது சட்டமல்ல. ஒரு கலர் பிரிண்டின் செலவும், அதை வகுப்பில் விரிக்கத் தெரிந்த ஆசிரியரும்தான். சமவெளி மாவட்டங்களுக்கு இது பொருந்தாது என்றும் சொல்வார்கள். தஞ்சாவூர்த் தாளில் சம உயரக்கோடுகள் அரிதாக இருப்பதே ஒரு செய்தி. அங்கே வாய்க்கால் பிரியும் இடமும் ஏரிக்கரையும் மலைமுகட்டின் வேலையைச் செய்கின்றன.

கைப்பேசி இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்பது இப்போது அதிகம் கேட்கும் கேள்வி. போக வேண்டிய ஊருக்கு வழி காட்டுவதில் ஜி.பி.எஸ். மனிதரை வென்றுவிட்டது, அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால், வழி காட்டப்படுவதும் வாசிப்பதும் ஒன்றல்ல. கொடைக்கானலுக்கும் மூணாறுக்கும் நேர்கோட்டில் ஏறத்தாழ 50 கி.மீ.; கைப்பேசி காட்டும் பாதையோ மலையிறங்கி, தேனி, போடி வழியாகச் சுற்றி, மூன்று மடங்குக்கும் மேல் போகும். ஏன் என்று திரை சொல்லாது. நடுவே பழைய எஸ்கேப் ரோடு இருந்தது, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மலையுச்சி வழியே போட்டது, இப்போது பொதுப் போக்குவரத்துக்கு இல்லை என்பதெல்லாம் வரைபடத்தையும் வரலாற்றையும் சேர்த்து வாசிப்பவருக்கே தெரியும். வீடு கட்ட இடம் வாங்குபவர், சரிவில் தோட்டம் போடுபவர், 2018 நவம்பரில் கஜா புயல் மரங்களைச் சாய்த்து மலைப்பாதைகளை அடைத்தது போன்ற நாளில் மாற்று வழி தேடுபவர், இவர்களுக்கெல்லாம் அம்புக்குறி போதாது, சரிவு தெரிய வேண்டும். கைப்பேசியிலும் நிலத்தோற்ற அடுக்கைத் திறந்தால் அதே சம உயரக்கோடுகள்தான் வருகின்றன.

தேர்வில் இதைக் கேட்க முடியாது, திருத்த முடியாது என்ற மறுப்புக்கு அண்டை அனுபவமே பதில். இலங்கையில் சாதாரண தரப் புவியியல் தேர்வில் 1:50,000 இடவிளக்கப் படத்தின் ஒரு துண்டைக் கொடுத்துக் கேட்பது நீண்டகால வழக்கம். அங்கே தமிழ்மொழியில் படிக்கும் மாணவர்களும் அதை எழுதுகிறார்கள். நம் நாட்டில் ஐ.சி.எஸ்.இ. பத்தாம் வகுப்புப் புவியியலில் டோப்போ ஷீட் வினா கட்டாயம். இரு புள்ளிகளுக்கு இடையே தூரம், உயர வேறுபாடு, ஆறு இலக்கக் கட்ட எண், ஓடையின் திசை, இவை எல்லாவற்றுக்கும் ஒரே விடைதான். ஊர்ப்பெயர் குறிக்கும் வினாவைவிடத் திருத்துவது கடினமல்ல. ஆனால், ஐ.சி.எஸ்.இ. அனுபவத்தில் ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது. குஜராத்–ராஜஸ்தான் எல்லையோரத்துத் தாள்களான 45 டி/7, 45 டி/10 ஆகிய இரண்டையே ஆண்டுக்காண்டு முன்கூட்டி அறிவித்துக் கேட்டுவந்ததால், அந்தத் தாள்களையே நெட்டுரு போடும் வழி திறந்தது. பழனிமலைச் சரிவில் உட்கார்ந்து படிக்கும் ஒரு மாணவர் ஆரவல்லிப் பக்கத்து ஓடைகளை மனப்பாடம் செய்து தேறிவிடலாம், தன் ஜன்னலுக்கு வெளியே உள்ள சரிவைத் தாளில் தேடாமலே. வினா மாறினால் மட்டும் போதாது, தாளும் ஆண்டுதோறும் மாற வேண்டும்.

டோப்போ ஷீட்டைப் பரிந்துரைக்கும் நான் அதன் குறைகளைச் சொல்லாமல் விட்டால் அது நியாயமாகாது. தாள்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் அச்சாகின்றன. ஊர்ப்பெயர்களின் எழுத்து பல இடங்களில் உருமாறியிருக்கிறது. தாளுக்கு வயதாகிறது. பழனிமலையின் புல்வெளிகளில் மூன்றில் இரண்டு பங்கு நாற்பது ஆண்டுகளில் தைலமரம், சீகை, பைன் தோட்டங்களுக்கும் விவசாயத்துக்கும் போய்விட்டதாகச் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு செய்த ஆய்வு 2018-இல் வெளியானது. பழைய அளவீட்டின் தாளில் புல்வெளி இன்னும் புல்வெளியாகவே இருக்கும். 2013-இல் அறிவிக்கப்பட்ட கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயத்தின் எல்லை அதில் இருக்காது. இன்னும் ஆழமான குறை ஒன்று உண்டு. 1821-இல் லெப்டினன்ட் பி. எஸ். வார்டு இந்த மலையை அளக்க வந்தபோதே இங்கே பளியரும் மற்ற மலைமக்களும் வாழ்ந்தார்கள்; ஓடைக்கும் பாறைக்கும் தேன் எடுக்கும் இடத்துக்கும் அவர்களிடம் பெயர் இருந்தது. அளவைத் தாள் அரசுக்கு வேண்டியதைத்தான் அளந்தது: வரி, சாலை, காப்புக்காடு. அந்த மலைமக்கள் அறிந்த மலை அதில் பெரும்பாலும் இல்லை. இதற்காகத் தாளை ஒதுக்கிவிடலாம் என்பாரும் உண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை. எது விடுபட்டது என்று கேட்பதும் வாசிப்பின் பகுதிதான். உயரமும் சரிவும் சரியாக உள்ள ஒரு தாளின்மேல்தான் விடுபட்ட பெயர்களை அவற்றின் இடத்தில் எழுத முடியும். தாளின் ஓரத்தில் அச்சான அளவீட்டு ஆண்டை முதலில் படிக்கும் பழக்கம் வந்துவிட்டால், பழைய தாளும் புதிய செயற்கைக்கோள் படமும் சேர்ந்து மாற்றத்தைக் காட்டும் சான்றுகளாகிவிடும்.

ஆசிரியர்களின் நிலையையும் பார்க்க வேண்டும். பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்பில் புவியியலை விருப்பப் பாடமாக எடுப்பவர்களுக்கு மட்டுமே செய்முறையில் இந்தத் தாள்கள் வருகின்றன. உயர்நிலைப் பள்ளியில் சமூக அறிவியல் நடத்துபவர் பலர் வரலாறு படித்து வந்தவர்கள். அவர்கள் கையில் டோப்போ ஷீட்டே பட்டிருக்காது. பயிற்சி இல்லாமல் வினாவை மட்டும் மாற்றினால், சம உயரக்கோட்டின் வரையறைக்குப் பதிலாகச் சம உயரக்கோட்டு வினாவின் மாதிரி விடை நெட்டுருவாகும். ஆகவே முதலில் ஆசிரியருக்கு, அவர் பள்ளி இருக்கும் இடத்தின் தாள். இதில் கொடைக்கானலுக்கு ஒரு தனி வாய்ப்பு இருக்கிறது. பழைய எண்வரிசையில் ஏரி 58 எஃப்/8 தாளின் வடகிழக்கு மூலையில் விழுகிறது. ஏரியிலிருந்து இரண்டு மூன்று கிலோமீட்டருக்குள்ளேயே 58 எஃப்/7, 11, 12 ஆகியவற்றோடு நான்கு தாள்கள் ஒரு புள்ளியில் சந்திக்கின்றன. ஊரை முழுதாகப் பார்க்க நான்கையும் ஒட்ட வேண்டும்; ஒட்டும்போது தாள் எண்ணும், ஓரத்து அட்சக்கோடு தீர்க்கக்கோடும், ஒரு தாளில் முடிந்த சம உயரக்கோடு அடுத்த தாளில் தொடர்வதும் ஒரே மேசையில் விளங்கிவிடும். ஒட்டிய தாளில் பழனி 58 எஃப்/11-லும் பெரியகுளம் 58 எஃப்/12-லும் வரும். பழனியில் உள்ள பள்ளி சண்முகநதியின் ஓடைகளைப் பின்தொடரட்டும், பெரியகுளத்துப் பள்ளி வராக நதியைப் பின்தொடரட்டும். பொதுத்தேர்வில் கொடுக்கும் துண்டுத் தாள் மட்டும் இரண்டு ஊருக்கும் பழக்கமில்லாத, ஆண்டுதோறும் மாறும் வேறொரு மாவட்டத்துடையதாக இருக்க வேண்டும்.